ப்ளூஜே: ஓஓபி முதல் பாடத்துக்கு எதுவரை துணை வரும்?

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பிஎஸ்சி, பிசிஏ, பிஇ படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் (ஓஓபி), அதாவது ஆப்ஜெக்ட்களைக் கொண்டு நிரல் எழுதும் முறை, ஜாவா என்ற நிரல்மொழி வழியாகவே முறையாக அறிமுகமாகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பிலேயே சி பிளஸ் பிளஸ் மூலம் கிளாஸ் (ஆப்ஜெக்டுக்கான வரையறை), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸின் பண்புகளை இன்னொன்று பெறுவது) எல்லாம் வந்துவிடும். பன்னிரண்டில் பைத்தான். ஆகவே கல்லூரிக்கு வரும்போது சொற்கள் தெரிந்திருக்கும், வரையறையை ஒப்பிக்கவும் வரும். ஆனால் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டச் சொன்னால் கை நின்றுவிடும்.

பாடத்திட்டத் தாள்களின் நோக்கங்களும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் சிஎஸ் 3391 என்ற எண்ணில் வரும் இந்தப் பாடம் ஐந்து அலகுகள் கொண்டது: ஓஓபியும் ஜாவா அடிப்படையும், இன்ஹெரிட்டன்ஸ்–பேக்கேஜ்–இன்டர்ஃபேஸ், எக்ஸப்ஷனும் மல்டித்ரெட்டிங்கும், உள்ளீடு–ஜெனரிக்ஸ்–ஸ்ட்ரிங், கடைசியில் சாளரம், பொத்தான் எல்லாம் செய்யும் ஜாவாஎஃப்எக்ஸ். பரப்பில் குறையில்லை. ஆனால் நோக்கப் பட்டியல்களில் அடிக்கடி வரும் "புரிந்துகொள்ளுதல்" என்ற சொல்லை எதை வைத்து அளப்பது? மாணவர் கணினியின் முன் உட்கார்ந்து எதைச் செய்து காட்டினால் புரிந்தது என்று பொருள்? அதைச் சொல்லாத நோக்கம் ஆசிரியருக்கும் பயன்படாது, மாணவருக்கும் பயன்படாது. இந்த மதிப்புரை ப்ளூஜே என்ற இலவச மென்பொருளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு நோக்கத்தையும் கைவேலையாக மாற்றினால், ப்ளூஜே எதைக் கண்ணுக்குக் காட்டுகிறது, எதை மறைத்துவிடுகிறது என்பதே கேள்வி.

மைக்கேல் கோலிங்கும் அவருடைய குழுவும் 1999இல், புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே உருவாக்கிய ஜாவா எடிட்டர் ப்ளூஜே. தொழில்முறைக் கருவிகளைச் சுருக்கிச் செய்ததல்ல. 2009 முதல் திறமூலமாகவும் கிடைக்கிறது. நம் ஊரில் ஐசிஎஸ்இ பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பழகிய பெயர். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து வந்தவர்களில் பலர் கல்லூரியிலும் இதைப் பார்க்காமலே போகிறார்கள். அது வருத்தமான இழப்பு.

திறந்தால் நடுவில் பெரிய வெள்ளைப் பரப்பு, கீழே ஒரு வெற்றுத் தட்டு, அவ்வளவுதான். மேலே கிளாஸ்கள் பெட்டிகளாக நிற்கும். கம்பைல் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) ஆகாத பெட்டியின் மேல் சாய்கோடுகள் இருக்கும், கம்பைல் ஆனதும் அவை மறையும். ஒரு கிளாஸின் மேல் வலது கிளிக் செய்து நியூ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால், கீழ்த்தட்டில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்காரும். அதுதான் ஆப்ஜெக்ட். நிரல் தொடங்கும் இடமான மெயின் மெத்தட் (மெத்தட் என்பது அழைத்தால் ஓடும் ஒரு நிரல் பகுதி) எழுத வேண்டியதில்லை, ஸ்டேட்டிக் என்றால் என்னவென்று முதல் நாளே விளக்க வேண்டியதில்லை.

முதல் நோக்கத்தை எடுத்துக்கொள்வோம்: "ஒரே கிளாஸிலிருந்து பல ஆப்ஜெக்ட்கள் பிறக்கும், ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே வைத்திருக்கும் என்பதை மாணவர் செய்து காட்ட வேண்டும்." காசிமேடு மீன் ஏலத்தையே எடுத்துக்கொண்டு மீன்பெட்டி என்றொரு கிளாஸ் எழுதச் சொல்லுங்கள். அதில் மூன்று ஃபீல்டுகள் (ஆப்ஜெக்ட் தன் மதிப்புகளை வைக்கும் இடங்கள்) போதும்: வகை, எடை, கேட்ட விலை. வலது கிளிக்கில் மூன்று ஆப்ஜெக்ட்கள் உருவாக்கி, ஒன்றில் வஞ்சிரம், ஒன்றில் சங்கரா, ஒன்றில் நெத்திலி என்று கொடுத்து, மூன்றையும் இன்ஸ்பெக்ட் செய்தால் (உள்ளே உள்ள மதிப்பைத் திறந்து பார்த்தால்) மூன்று சாளரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வஞ்சிரத்தின் விலையை ஏற்றும் மெத்தடை அழைத்தால் அந்த ஒரு சாளரத்தில் மட்டும் எண் மாறும், மற்ற இரண்டும் அசையாது. இதைப் பலகையில் எழுதி விளக்க ஒரு பீரியட் போகும். இங்கே சில நிமிடத்தில் மாணவரே செய்துவிடுகிறார், அதுவும் தன் கையால்.

இங்கே எல்லோரும் முட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. கன்ஸ்ட்ரக்டருக்கு (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் பகுதி) மதிப்பு கேட்கும் பெட்டியில் வஞ்சிரம் என்று மட்டும் தட்டினால் பிழை வரும், ஏனென்றால் அது அந்தப் பெயரில் ஒரு மாறியைத் தேடுகிறது. சரத்தை (எழுத்துகளின் தொடரை) இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். அடுத்தது, நிரலில் ஒரு வரியை மாற்றிக் கம்பைல் செய்தவுடன் கீழ்த்தட்டிலுள்ள ஆப்ஜெக்ட்கள் எல்லாம் போய்விடும். "சார், அழிஞ்சுபோச்சு" என்று பதறுவார்கள். கிளாஸ் மாறிவிட்டதால் பழைய வரையறையில் பிறந்த ஆப்ஜெக்ட்களை வைத்துக்கொள்ள முடியாது என்பதே காரணம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பதற்றமும் இராது, கிளாஸுக்கும் ஆப்ஜெக்டுக்கும் உள்ள உறவும் இன்னொரு தடவை மனத்தில் பதியும்.

கன்ஸ்ட்ரக்டர் பாடத்தில் ப்ளூஜே காட்டும் திறமை வேறெதிலும் கிடைப்பது அரிது. கன்ஸ்ட்ரக்டரின் பாராமீட்டருக்கும் (வெளியிலிருந்து வரும் மதிப்பை ஏற்கும் மாறி) ஃபீல்டுக்கும் ஒரே பெயர் வைத்து, 'எடை = எடை' என்று எழுதிவிடுவது தொடக்கக்காரர்களின் நிரந்தரத் தவறு. கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், நிரலும் ஓடும். ஆனால் பாராமீட்டர் தன்னைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறது, ஃபீல்டு தொடக்க மதிப்பிலேயே கிடக்கும். சாதாரண எடிட்டரில் இது எங்கோ கடைசியில் தப்பான தொகையாக வந்து நிற்கும், தேடிச் சலித்துப்போவார்கள். இங்கே 25.5 கிலோ கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்ட் செய்தால் எடை 0.0 என்று நேருக்கு நேர் தெரிகிறது. 'இந்த ஆப்ஜெக்டுடையது' என்று குறிக்கும் 'திஸ்' எதற்கு என்ற கேள்வி அந்த நிமிடத்தில் மாணவரிடமிருந்தே வரும்.

இன்னொன்று: கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் பழக்கதோஷத்தில் வாய்டு (விடை எதையும் திருப்பித் தராது என்ற குறிப்பு) என்று போட்டுவிடுவது. அப்போது அது கன்ஸ்ட்ரக்டர் அல்ல, கிளாஸின் பெயரையே கொண்ட ஒரு சாதாரண மெத்தட். கம்பைலர் பிழை சொல்லாது. ப்ளூஜேயில் வலது கிளிக் மெனுவைப் பார்த்தாலே போதும்: பாராமீட்டர் இல்லாத நியூ மட்டும் இருக்கும், நாம் எழுதியது ஆப்ஜெக்டின் மெனுவில் மெத்தடாக உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டு தவறுகளையும் ஆசிரியர் வேண்டுமென்றே கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். "கன்ஸ்ட்ரக்டரை விளக்குக" என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியைவிட இது நல்ல சோதனை.

ரெஃபரன்ஸ் (ஒரு ஆப்ஜெக்டைச் சுட்டும் குறி) பற்றிய நோக்கமும் இப்படியே கைக்கு வருகிறது. படகு என்ற கிளாஸில் ஒரு மீன்பெட்டியை ஃபீல்டாக வையுங்கள். படகின் மெத்தடை அழைக்கும்போது மதிப்பு கேட்கும் பெட்டி திறந்திருக்கையில், கீழ்த்தட்டிலுள்ள மீன்பெட்டியின் மேல் கிளிக் செய்தாலே அதன் பெயர் வந்து நிரம்பும். பிறகு படகை இன்ஸ்பெக்ட் செய்தால் அந்த ஃபீல்டில் எண்ணோ எழுத்தோ இருக்காது, ஒரு அம்புக்குறி இருக்கும். இரண்டு படகுகளுக்கு ஒரே பெட்டியைக் கொடுத்து, ஒன்றின் வழியாக எடையை மாற்றி, மற்றொன்றின் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாறியிருக்கும். பெட்டி நகலாகவில்லை, இரண்டு பேரும் ஒன்றையே சுட்டுகிறார்கள் என்பது இங்கே விளங்காவிட்டால், பின்னால் அரேலிஸ்ட் (ஜாவாவின் பட்டியல் வகை) வரும்போது எல்லாம் குழம்பும்.

சரங்களை ஒப்பிடும் இடத்தில் மட்டும் ப்ளூஜே ஏமாற்றிவிடும், ஜாக்கிரதை. வகை வஞ்சிரம்தானா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போட்டு எழுதினாலும், மதிப்புப் பெட்டியில் தட்டிச் சோதித்தால் சரியென்றே விடை வரும். அந்தப் பெட்டியில் தட்டுவது நிரலில் நேரடியாக எழுதிய சரம் போலவே கம்பைல் ஆகிறது. ஜாவா அப்படிப்பட்ட ஒரே மாதிரியான சரங்களுக்கு ஒரே ஆப்ஜெக்டைத்தான் வைத்திருக்கும். அதே நிரலை ஸ்கேனர் வைத்து விசைப்பலகையிலிருந்து வாங்கும்படி மாற்றினால் பொய் என்று விடை வரும், ஏனென்றால் இப்போது அது புதிதாகப் பிறந்த வேறொரு ஆப்ஜெக்ட். ஆய்வகத் தேர்வில் ஸ்கேனர்தான் வரும். ஆகவே சரங்களின் உள்ளடக்கத்தை ஒப்பிடும் ஈக்குவல்ஸ் பாடத்தை மதிப்புப் பெட்டியோடு முடித்துவிடாமல், ஸ்கேனரிலும் ஒரு முறை ஓட்டிக் காட்டியே தீர வேண்டும்.

சரம் பற்றிய பேச்சில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "மீன்" என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் ஜாவா 4 என்று சொல்லும். நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, ஆனால் யூனிகோடில் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு குறிகள். கோட் பேட் என்ற சிறு சாளரத்தை வியூ மெனுவில் திறந்துகொண்டால் இதையெல்லாம் ஒரே வரியில் பார்த்துவிடலாம். 7ஐ 2ஆல் வகுத்தால் ஏன் 3 வருகிறது, 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் ஏன் 0.30000000000000004 வருகிறது என்பதற்கும் அதுவே இடம். ஏலக் கணக்கில் பணத்தை டபுளில் (தசம எண் வகை) வைக்காமல் முழு எண்ணாகப் பைசாவில் வைக்க வேண்டிய காரணத்தை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

என்கேப்சுலேஷன் (மதிப்புகளை வெளியார் தொடாமல் கிளாஸே காப்பது) நோக்கத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஃபீல்டுகளைப் பிரைவேட் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் கெட்டர் (மதிப்பைப் படிக்கும் மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) எழுதிவிட்டால் முடிந்தது என்று பல பயிற்சி மையங்களில் சொல்லித்தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் செட்டர் இருந்தால் பூட்டிய கதவின் சாவியை வாசலிலேயே மாட்டிவைத்த மாதிரிதான். விலைக்குச் செட்டர் வேண்டாம். ஏலம்கேள் என்றொரு மெத்தட் போதும், முன்பு கேட்ட விலையைவிடக் குறைவான தொகையை அது ஏற்கக் கூடாது. கேட்ட விலை ஒருபோதும் இறங்காது என்று அந்த கிளாஸே உறுதி தர வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் ஒரு குறை: இன்ஸ்பெக்டர் பிரைவேட் ஃபீல்டையும் காட்டுகிறது. கற்பதற்கு அது வரம், ஆனால் "பிரைவேட் என்றார்களே, தெரிகிறதே" என்ற கேள்வி நிச்சயம் எழும். இன்னொரு கிளாஸிலிருந்து அந்த ஃபீல்டைத் தொடும் வரியை எழுதச் சொன்னால் கம்பைலரே பதில் சொல்லிவிடும்.

இந்த முதல் பாடத்தில் எல்லாவற்றையும்விடக் கவனம் கேட்பது இன்ஹெரிட்டன்ஸும் பாலிமார்ஃபிசமும்தான் (ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு வகையும் தன் வழியில் பதில் தருவது). தேர்வுத் தாள்களில் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதச் சொல்வார்கள், ஆனால் பயன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மீன்பிடித் தடைக்காலம் இதற்கென்றே அமைந்த எடுத்துக்காட்டு. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரத்துக்கு அந்தத் தடை இல்லை. இப்போது படகை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸாக (நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத கிளாஸ்) மாற்றி, அதில் 'போகலாமா' என்ற மெத்தடை அறிவித்துவிட்டு, நாளையும் மாதத்தையும் பாராமீட்டராகக் கொடுங்கள். விசைப்படகு அதைத் தன் வழியில் எழுதும், கட்டுமரம் எப்போதும் சரி என்று சொல்லும். ஒரு பட்டியலில் இரண்டு வகையும் கலந்து இருந்தாலும், பட்டியலைச் சுற்றிவரும் லூப்பில் இது எந்தப் படகு என்று கேட்கும் இஃப் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த இஃப் இல்லாமல் எழுதிவிட்டால் மாணவருக்குப் பாலிமார்ஃபிசம் வந்துவிட்டது. நாளைக்கு வேறொரு படகு வகை சேர்ந்தாலும் லூப்பைத் தொட வேண்டியதில்லை என்று காட்டச் சொல்லுங்கள்.

ப்ளூஜே இதில் நன்றாகவே கைகொடுக்கிறது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் மேல் வலது கிளிக் செய்தால் நியூ என்ற வரியே இருக்காது. இன்ஹெரிட்டன்ஸ் முழுக்கோட்டு அம்பாகவும், ஒரு கிளாஸ் இன்னொன்றைப் பயன்படுத்துவது புள்ளிக்கோட்டு அம்பாகவும் தெரியும். படகிலிருந்து மீன்பெட்டிக்கு முழுக்கோட்டு அம்பு போயிருந்தால் ஏதோ தப்பு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். படகு ஒரு மீன்பெட்டி அல்ல, அது பெட்டியை வைத்திருக்கிறது.

ஓவர்ரைடு (பெற்றோர் மெத்தடை மாற்றி எழுதுவது) செய்வதாக நினைத்து ஓவர்லோடு (அதே பெயரில் வேறு பாராமீட்டரோடு இன்னொரு மெத்தட்) செய்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். பெற்றோர் கிளாஸில் இரண்டு முழு எண்கள், பிள்ளை கிளாஸில் ஒன்றை லாங் என்று எழுதிவிட்டால் அது வேறொரு மெத்தட். பெற்றோர் மெத்தட் அப்ஸ்ட்ராக்டாக இருந்தால் கம்பைலர் சண்டைக்கு வரும். சாதாரண மெத்தடாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் பழையதையே ஓட்டும். மேலே அட் ஓவர்ரைடு என்ற குறிப்பை எழுதும் பழக்கம் இருந்தால் அந்த வரியிலேயே பிடிபடும். இதைக் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும்.

தடைக்காலக் கணக்கை மாதத்தை 100ஆல் பெருக்கி நாளைக் கூட்டி ஓர் எண்ணாக்கினால், 415 முதல் 614 வரை தடை. எல்லையில் பெரியது அல்லது சமம் போட வேண்டிய இடத்தில் வெறும் பெரியது என்று போட்டால் ஏப்ரல் 15 அன்று மட்டும் தப்பாகும், மற்ற நாளெல்லாம் சரியாக ஓடும். சோதித்துப் பார்த்தல் என்ற நோக்கத்தை இங்கேயே சேர்க்கலாம். முன்னமைவுகளில் சோதனைக் கருவிகளைக் காட்டும்படி மாற்றினால், கிளாஸின் மேல் வலது கிளிக்கில் டெஸ்ட் கிளாஸ் உருவாக்கும் வழி வரும். டெஸ்ட் மெத்தட் பதிவைத் தொடங்கி, விசைப்படகு ஒன்றை உருவாக்கி, போகலாமா என்று 14, 4 கொடுத்து அழைத்து, எதிர்பார்க்கும் விடையைக் குறித்து, பதிவை முடித்தால் ஜேயூனிட் (ஜாவாவின் சோதனைக் கருவி) நிரலை ப்ளூஜேயே எழுதிக்கொள்ளும். ஏப்ரல் 14, ஏப்ரல் 15, ஜூன் 14, ஜூன் 15 என்று நான்கு சோதனைகள் போதும். இவற்றை எழுதாமல் விட்டுவிட்டு மே மாதத்தின் நடுவில் ஒரு நாளை மட்டும் சோதிப்பவர் இன்னும் சோதனையைக் கற்கவில்லை.

இனி ப்ளூஜே கைவிடும் இடங்கள். முதலாவது அரேலிஸ்ட். அதை இன்ஸ்பெக்ட் செய்தால் நாம் போட்ட மூன்று பெட்டிகளோடு உள்ளே இருக்கும் வரிசை, அளவு, மாற்ற எண்ணிக்கை என்று ஜாவாவின் சொந்தச் சரக்கெல்லாம் வந்து நிற்கும். உள்வரிசையில் 10 இடம் இருக்கும், மூன்றுக்குப் பிறகு எல்லாம் வெறுமை. தொடக்கக்காரருக்கு இது தேவையற்ற மிரட்டல். பட்டியலை அச்சிடும் மெத்தட் ஒன்றை எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டரை ஒதுக்கிவைப்பதே மேல்.

அடுத்தது மெயின். முதல் வாரத்தில் எது வரமாக இருந்ததோ, அதுவே பருவத்தின் பின்பாதியில் கடனாக வந்து நிற்கும். ப்ளூஜேயிலேயே பழகியவர், ஆய்வகத்தில் கட்டளைகளைத் தட்டி ஓட்டும் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து உட்காரும்போது, மெயினுக்குள்ளிருந்து நேராக ஒரு மெத்தடைப் பெயர் சொல்லி அழைப்பார். ஸ்டேட்டிக் இடத்திலிருந்து (ஆப்ஜெக்ட் இல்லாமலே ஓடும் இடம்) ஸ்டேட்டிக் அல்லாத மெத்தடை அழைக்க முடியாது என்று பிழை வரும். உடனே எல்லா மெத்தடுக்கும் ஸ்டேட்டிக் போட்டுத் தப்பிப்பார், ஓஓபி அங்கேயே முடிந்துபோகும். இத்தனை நாள் வலது கிளிக் செய்துகொண்டிருந்த ஆப்ஜெக்டை இனி மெயினுக்குள் நாமே நியூ போட்டு உருவாக்க வேண்டும், வேறெந்த மாற்றமும் இல்லை என்று சொன்னால் தெளிவு வரும். கிளாஸ் பெயரோடு புள்ளி கிளாஸ் (.class) என்று சேர்த்துத் தட்டுவது, கோப்பு இல்லாத ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுவது, பேக்கேஜ் வரி இருக்கும்போது உள் ஃபோல்டரிலிருந்தே ஓட்டுவது, மூன்றும் மெயின் கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழையில் முடியும்.

மல்டித்ரெட்டிங்கை (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது) ப்ளூஜேயில் நடத்தலாம், ஆனால் இந்தக் காட்சி முறையால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. ஜாவாஎஃப்எக்ஸ் மட்டும் எதிர்பாராத நன்மை. ஜாவா 11 முதல் அது தனியாகப் பிரிந்துவிட்டதால் மற்ற எடிட்டர்களில் நூலகத்தை இணைப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடும். ப்ளூஜேயோ அதைக் கூடவே கொண்டுவருகிறது, புதிய கிளாஸ் உருவாக்கும்போதே ஜாவாஎஃப்எக்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கள் தீர்ப்பு இது: பருவத்தின் முதல் ஐந்தாறு வாரம் ப்ளூஜே, அதன்பின் எல்லாப் பயிற்சியும் மெயினோடு கமாண்ட் பிராம்ட்டிலும், கடைசி அலகுக்கு மட்டும் மறுபடி ப்ளூஜே. பருவம் முழுக்க இதிலேயே வைத்திருப்பது தேர்வு அறையில் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுவதாகும். ஒரு நாள்கூடக் காட்டாமல் விடுவதோ அதைவிடப் பெரிய தவறு.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. விண்டோஸுக்கான நிறுவியில் ஜாவாவும் சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம், பாதை அமைக்கவும் வேண்டாம். ஒரு முறை இறக்கிய கோப்பைப் பென்டிரைவில் வைத்து எல்லாக் கணினியிலும் போடலாம், ஓடும்போது இணையமும் தேவையில்லை. செல்போன் டேட்டாவை நம்பிப் படிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினி என்றால் விண்டோஸ் 64 பிட் தானா என்று முதலில் பாருங்கள், இப்போதைய பதிப்புகளுக்கு அது வேண்டும்.

நிரல் முடிவில்லா லூப்பில் மாட்டிக்கொண்டால் சாளரத்தை மூடி அடிக்க வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜாவா இயந்திரம் மட்டும் மறுபடி தொடங்கும், எழுதிய நிரல் அப்படியே இருக்கும். பயிற்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பேக்கேஜ் என்று பெயருள்ள புராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பினால் எதிர்ப்பக்கத்தில் நிரல் ஒரு வரிகூட வராது. அதில் வரைபடத்தின் அமைப்புதான் இருக்கிறது. நிரல் ஜாவா கோப்புகளில் இருக்கிறது. முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து அனுப்ப வேண்டும்.